நாலேகால் பஸ்ஸும் எட்டு கேமராக்களும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய்கள் காணாமல் போயின. அதனால் எட்டு கேமரா வாங்கினார்கள். எட்டில் ஒன்றுகூடக் குழாயைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கேமராக்களால் ஒரு பெண்ணின் கேட் பாஸ் பறிபோகப் பார்த்தது. அதில் என் கையெழுத்துக்கும் பங்கு இருந்தது. அதனால் முழுசாகச் சிரிக்க முடிவதில்லை.

நான் அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவள். உத்தரவில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று போட்டிருக்கிறது. பெயரின் நீளத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவது, ஆண்டு விழாவில் மைக்கைத் தட்டி 'ஹலோ' சொல்வது, ஆசிரியைகளின் செல்போனில் குவிந்த காலை வணக்கப் படங்களை அழித்து இடம் பண்ணிக்கொடுப்பது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம். அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் பர்மனென்ட். தெற்கேயிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் எங்களை வளர்த்து, ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து என்ற ஊரில் வீடு கட்டினார். அவர் மகளான நான் கான்ட்ராக்ட். ஒவ்வொரு டிசம்பரிலும் என்னைப் புதுப்பிப்பார்கள், கேஸ் அடுப்பு ரப்பர் குழாய் மாதிரி. நெய்வேலியில் ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்கிற கேள்வி, பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா என்பதுதான். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள்.

கேமரா வாங்க யோசனை சொன்னவர் ஆபீஸ் சூப்பிரண்டு. பர்மனென்ட். இருபது வருஷமாக அதே நாற்காலி, அதே துண்டு. பள்ளியின் தாளாளர் அவர் சொல்லைத் தட்டமாட்டார். தாளாளர் சுரங்கத்தில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், காது கொடுத்துக் கேட்பார். ஆனால் முதலில் யார் வந்து சொல்கிறார்களோ அவர்கள் சொல்வதைத்தான் கேட்பார். சூப்பிரண்டு எப்போதும் முதலில் போய்விடுவார்.

எங்கே எங்கே கேமரா வைப்பது என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஆசிரியைகள் அறையில் கூடாது, பெண்கள் உட்காரும் இடம் என்றார்கள். நியாயம்தான். முதல்வர் அறையில் கூடாது, பெற்றோர் வந்து அழுவார்கள் என்றார்கள். அதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆபீஸ் அறையில் கூடவே கூடாது, ரகசியக் கோப்புகள் இருக்கின்றன என்றார் சூப்பிரண்டு. அந்த அறையில் நான் பார்த்த ஒரே ரகசியம், பீரோவுக்குப் பின்னால் அவர் ஒளித்து வைத்திருக்கும் முறுக்கு டப்பா. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து மிச்சமானவை: கேட், சைக்கிள் ஸ்டாண்டு, மைதானம், மூன்று வராந்தா, பெருக்குகிற பெண்கள் துடைப்பம் வைக்கும் அறையின் வாசல், அப்புறம் என் கம்ப்யூட்டர் லேப். எட்டும் முடிந்தது. பர்மனென்ட் ஆள் உட்காரும் இடம் ஒன்றுகூட அதில் வரவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

"குழாய் இருக்கிற இடத்துக்கு சார்?" என்று கேட்டேன்.

கை கழுவும் இடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம், கட்டடத்தின் பின்னால் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலேயே கேமராவையும் மாட்டிக்கொள்வது, புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். நெட்வொர்க் என்றால் ஆபீஸ் மூலையில் ஒரு பெட்டி. எல்லாக் கம்ப்யூட்டரின் வயரும் அதில்தான் வந்து சேரும். அதிலிருந்து போகும் வயர் நூறு மீட்டர் தாண்டினால் படம் ஒழுங்காக வராது, நடுவில் இன்னொரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"தீர்மானத்துல அந்தப் பெட்டி இல்லியேம்மா" என்றார் சூப்பிரண்டு. "மொதல்ல இத ஓட்டுவோம். கேமரா இருக்குன்னு தெரிஞ்சாலே திருடன் பயப்படுவான்."

திருடன் பயப்படுவதற்கு முன்னால் வாட்ச்மேன் பயந்தார். கேமரா வந்த மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக் கண் எட்டு இருக்கும்போது இரண்டு கண் எதற்கு என்று கேட்டார்கள்.

பண்ருட்டியிலிருந்து ஒரு கடைக்காரர் வந்து மாட்டினார். வாய்ச்சவடால் பேர்வழி. "இது நைட் விஷன் சார். ராத்திரிய அப்படியே பகல் மாதிரி காட்டும்" என்று தாளாளரிடம் நாலு தடவை சொன்னார். எல்லாவற்றையும் அவர் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஆசை காட்டினார். படங்களைப் பதிவு செய்யும் பெட்டியை என் லேபில் ஒரு மேசைமேல் வைத்தார். மானிட்டரின் மூலையில் தேதியும் நேரமும் ஓடின. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மானிட்டர் இரண்டரை மணி நேரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அது மிஷின் செய்யுற சீனா டைம்மா. நெட் கனெக்‌ஷன்ல தானா சரியாயிடும்" என்றார் கடைக்காரர்.

எல்லா வேலையும் திருப்தியாக முடிந்தது என்று ஒரு சான்றிதழ். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆயுதபூஜைக்குள் திறப்பு விழா நடக்க வேண்டும் என்று சூப்பிரண்டு பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றார். தானாகச் சரியாகிவிடும் என்பதை நம்பினேனா, டிசம்பர் நெருங்குகிறது என்று பயந்தேனா, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போட்டுவிட்டேன்.

ஆயுதபூஜை அன்று கேமராக்களுக்குப் பொரி கடலை படைத்துச் சூடம் காட்டினார்கள். அட்டெண்டர் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கேமராவுக்கும் பக்தியோடு சந்தனம் குங்குமம் வைத்தார். மைதானத்துக் கேமராவுக்கு நடு நெற்றி என்று கண்ணாடியிலேயே வைத்துவிட்டார். ஒரு வாரம் எங்கள் மைதானம் மஞ்சளாகவும், அதன் நடுவில் ஒரு சிவப்புச் சூரியனாகவும் தெரிந்தது. துடைக்கப் போன என்னை, பூஜை பண்ணியதை அழிக்கக் கூடாது என்று தடுத்தார்கள்.

அதற்குள் நெட்வொர்க் படுத்துவிட்டது. பழைய பெட்டி. பத்துப் பதினைந்து கம்ப்யூட்டருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த இடத்தில் எட்டுப் படம் ராப்பகலாக ஓடினால் என்ன ஆகும். தாளாளர் செல்போனில் பார்ப்பதற்காக எட்டும் இன்டர்நெட் வழியாக வேறு வெளியே போய்க்கொண்டிருந்தன. ஆபீஸில் ஒரு டி.சி. அடிக்க அரை மணி நேரம் பிடித்தது. சூப்பிரண்டு கத்தினார். நான் பதிவுப் பெட்டிக்குப் போகிற இன்டர்நெட்டை மட்டும் வெட்டிவிட்டேன். ஆபீஸ் மூச்சு விட்டது. தாளாளருக்குச் செல்போனில் பார்ப்பது நாலு நாளிலேயே அலுத்துப்போயிருந்ததால் அவர் கேட்கவேயில்லை. நேரம் தானாகச் சரியாக வேண்டிய வழியையும் சேர்த்துத்தான் வெட்டினேன். அன்றைக்கு அது என் புத்தியில் உறைக்கவில்லை.

இன்னொன்றும் ஆயிற்று. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு. சைக்கிள் ஸ்டாண்டு கேமராவுக்கு, எங்கள் கைரேகை வருகைப்பதிவு மெஷினுடைய எண்ணையே கடைக்காரர் கொடுத்துவிட்டார். ஒரே குவார்ட்டர்ஸை இரண்டு குடும்பத்துக்கு அலாட் பண்ணியது போல இரண்டும் அடித்துக்கொண்டதில் கைரேகை மெஷின் செத்துப்போனது. சரி செய்யப் பத்து நிமிஷ வேலை. ஆனால் கேமராக்களின் பாஸ்வேர்டு ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்து சூப்பிரண்டின் பீரோவில் இருந்தது. படத்தை ஓட்டிப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், வேறு எதையும் தொட முடியாது. இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். "பாக்கலாம்மா, என்ன அவசரம்" என்றார். எல்லோரும் பழையபடி நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். வந்த நேரமும் போன நேரமும் அவரவர் மனசாட்சிக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம். ஆபீஸ் முடிகிற நேரம் ஐந்தரை. சூப்பிரண்டின் மனசாட்சி தினமும் ஐந்தரைக்கே கிளம்பியது.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் இரண்டு குழாய்களைக் காணோம்.

பத்து மணிக்குள் சூப்பிரண்டு என் லேபுக்கு வந்து மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். கேட் கேமராவைப் பின்னோக்கி ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் தாளாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மவுஸ் அவர் கையில்.

"பாருங்க சார். நேத்து சாயந்திரம், மணி ஆறு நாப்பத்திரண்டு."

படத்தில், எங்கள் பள்ளியில் பெருக்கும் பெண்களில் ஒருத்தி கேட்டைத் தாண்டி வெளியே போகிறாள். தோளில் ஒரு கட்டைப்பை. உள்ளே ஏதோ கனமாக இருக்கிறது, தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் சூப்பிரண்டு படத்தை நிறுத்தினார்.

"இவளுக்கு நாலு மணியோட வேலை முடியுது. ஆறே முக்கால் வரைக்கும் உள்ள என்ன பண்ணிட்டிருந்தா? நான் நேத்து இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் பாத்துட்டு அப்பதான் கிளம்பினேன். வேற ஒருத்தரும் இல்ல சார்."

"அவ்வளவு நேரம் இருந்தீங்களா?" என்றார் தாளாளர். குரலில் உண்மையான மரியாதை. "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா இந்தப் பள்ளிக்கூடம் எங்கியோ போயிரும்."

சூப்பிரண்டு தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். என்னைவிட நாலைந்து வயது பெரியவள், அக்கா என்று கூப்பிடுவேன். வடக்குத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டும் களை பறித்தும் பிழைத்த குடும்பம். வீட்டிலேயே முதல் முதலாகப் படம் ஒட்டிய அடையாள அட்டை கழுத்தில் மாட்டியவள் அவள்தான். அந்த கேட் பாஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழைக்கு நனையாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள். பாஸைப் பிடுங்கினால் இந்தப் பள்ளியோடு போகாது. திருட்டுக்காக நிறுத்தினார்கள் என்று ஒரு வார்த்தை, ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் காதில் விழுந்தால் டவுன்ஷிப்பின் எந்த பிளாக்கிலும் அவள் துடைப்பம் எடுக்க முடியாது.

அன்று மதியமே பாஸை வாங்கி சூப்பிரண்டு மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரித்து முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நானு நாலு மணிக்கே கைகால் கழுவிகினு கெளம்பிட்டேன். நாலேகால் பஸ்ஸு எனக்குப் பின்னாடிதான் வந்துது. ரோட்டாண்ட ஒதுங்கி நின்னு வழி வுட்டேன். பஸ்ஸு டைமு தப்பாவுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேமராவுல நேரம் போட்டிருக்குதேக்கா" என்றேன். மிஷின் பொய் சொல்லாது என்பது போல ஒரு முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நீயும் அப்பிடியே சொல்றியா" என்றாள். அதுவரை என்னை அவள் 'நீ' என்று கூப்பிட்டதில்லை.

வியாழக்கிழமை சூப்பிரண்டு ஒரு பென்டிரைவ் கொடுத்து, அந்தப் படத்தை ஏற்றித் தரச் சொன்னார். "ஆறு நாப்பத்தொண்ணுலேர்ந்து ஆறு நாப்பத்திரண்டு வரைக்கும் மட்டும் போதும். ஒரே ஒரு நிமிஷம். அதிகமா வேணாம்" என்று இரண்டு தடவை சொன்னார். மானிட்டரை இயக்கினேன். மூலையில் மணி ஒன்று நாற்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து.

சான்றிதழில் போட்ட கையெழுத்து, வெட்டிய இன்டர்நெட், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஆறு நாற்பத்திரண்டிலிருந்து இரண்டரை மணியைக் கழிப்பதற்கு கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. நாலு பன்னிரண்டு. அக்கா சொன்ன அதே நேரம்.

படத்தை ஓட்டினேன். சூப்பிரண்டு நிறுத்திய இடத்தில் நான் நிறுத்தவில்லை. அக்கா போய் ஒரு நிமிஷம் கழித்து, கேட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. முன்னால் தொங்கும் சாப்பாட்டுப் பை, கழுத்தில் துண்டு. நம் சூப்பிரண்டேதான். இடமும் வலமும் பார்த்துவிட்டுக் கிளம்பினார். இன்னும் இரண்டு நிமிஷம் கழித்து ரோட்டில் அந்தப் பஸ் போனது.

எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கேமராவின் நேரம் தவறு என்பது எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். தான் எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்பது ஒருவனுக்குத் தெரியாமல் போகுமா? நேரத்தைத் திருத்தினால் அந்தப் பெண் தப்பிப்பாள், இவர் நாலு பதிமூன்றுக்கு வீட்டுக்குப் போனது வெளியே வரும். திருத்தாமல் விட்டால் இவர் ஆறே முக்கால் வரை கோப்பு பார்த்த உத்தமர். அதனால்தான் மவுஸை யார் கையிலும் கொடுக்காமல் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் காட்டினார். எனக்கு வந்த கோபத்தில் மேசையிலிருந்த பென்டிரைவைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே குனிந்து தேடி எடுத்தேன், அதற்கும் நான்தானே பொறுப்பு.

அன்று முழுக்க எனக்குள் ஒரு பட்டிமன்றம் நடந்தது. சொன்னால் முதலில் மாட்டுவது நான். திருப்தி என்று எழுதிக் கொடுத்தவள் நான், இன்டர்நெட்டை வெட்டியவள் நான், டிசம்பர் வரப்போவதும் எனக்கு. பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

வெள்ளிக்கிழமை தாளாளர் அறையில் கூடினோம். தாளாளர், சூப்பிரண்டு, நான். அக்கா கதவோரம் நின்றாள். அறையில் காலி நாற்காலி இரண்டு இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. சூப்பிரண்டு தன் ஒரு நிமிஷத்தை ஓட்டி நிறுத்தினார்.

"சார், இது ஆறு நாப்பத்திரண்டு இல்ல. நாலு பன்னிரண்டு" என்றேன். "மானிட்டர்ல டைம் தப்பு. நான்தான் சரிபார்க்காம கையெழுத்துப் போட்டேன். என் தப்பு."

சூப்பிரண்டு சிரித்தார். "ஒரே ஊர்க்காரங்க சார், அதான்."

"படத்தைப் பாருங்க சார். ஐப்பசி மாசம் ஆறே முக்காலுக்கு இப்படி வெயில் அடிக்குமா? அந்தக்கா நிழல் தரையில விழுந்திருக்கு."

தாளாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. அவர் நிமிர்ந்து, பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அது நைட் விஷன்மா. ராத்திரியைப் பகல் மாதிரி காட்டும்னு அந்தப் பையன் சொன்னான்ல."

நாற்பது வருஷம் சுரங்கத்தில் மண்ணையும் பாறையையும் பிரித்துப் பார்த்த பொறியாளர். சூரியனையே கடைக்காரர் பேச்சுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். சூப்பிரண்டு பலமாகத் தலையாட்டினார். நிழல்கூட நைட் விஷன் நிழல் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். என் லேப்டாப்பில் முழுப் பதிவையும் கொண்டு வந்திருந்தேன். அவர்கள் பக்கம் திருப்பி வைத்து ஓடவிட்டேன்.

"இது எதுக்கும்மா? நேரம் ஆவுது" என்றார் சூப்பிரண்டு. கை லேப்டாப் பக்கம் நீண்டது. நான் அதை இழுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு பர்மனென்ட் ஆளின் கையைத் தட்டிவிடுகிற அளவுக்கு நான் போனது அந்த ஒரு முறைதான்.

அக்கா போனாள். ஸ்கூட்டர் வந்தது. "இது நீங்கதானே?" என்றார் தாளாளர்.

"ஆமா சார், அதான் சொன்னேனே, ஃபைல் முடிச்சுட்டு..."

அப்போது ரோட்டில் பஸ் வந்தது. மஞ்சளும் வெள்ளையும் தெரிய, ஒரு பக்கம் சாய்ந்தபடி, முக்கில் திரும்பியது. தாளாளர் லேப்டாப் மேல் கவிழ்ந்துவிட்டார்.

"அட, இது நாலேகால் பஸ்ஸில்ல?"

அவரே தொடர்ந்தார். "சுரங்கத்துலேர்ந்து இதுல எத்தன வருஷம் வந்திருக்கேன். பின்னாடி ஏணிய பாரு, கம்பி ஒண்ணு உடைஞ்சு கெடக்குது. மழையோ புயலோ நாலேகாலுக்கு இந்த முக்குல திரும்பிரும். எங்க வீட்டுக்காரி கடிகாரத்தையே இத வச்சுத்தான் திருப்பி வைப்பா."

எங்கள் டவுன்ஷிப்பில் இதுதான் வழக்கம். பஸ்ஸுக்கு எண் இருக்கும், யாரும் சொல்லமாட்டார்கள். ஆறே கால் பஸ், ஒண்ணரை பஸ், நாலேகால் பஸ் என்றுதான் பெயர். சூரியனை நம்பாத தாளாளர் பஸ்ஸை நம்பினார். அதற்கு நைட் விஷன் எல்லாம் செல்லாது.

கதவோரத்திலிருந்து அக்கா சொன்னாள்: "நானு மொத நாளே சொல்லிகினுதான் இருந்தங்க. யாரும் காதுல வாங்கல."

சூப்பிரண்டு முகத்தில் ஈயாடவில்லை. தாளாளர் அவரைப் பார்த்தார், படத்தை ஸ்கூட்டர் வரை பின்னால் தள்ளிப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். "அப்போ ஃபைல்?" என்றார்.

"அது... வேற ஒரு நாள் சார். நாள் மாறிப்போச்சு."

அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நாலு பதிமூன்றுக்கு எங்கே போனீர் என்று கேட்டிருக்கலாம். ஒரு பெண்ணைத் திருடி ஆக்கத் துணிந்தீரே என்று கேட்டிருக்கலாம். தாளாளர் கேட்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். பர்மனென்ட்டும் பர்மனென்ட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றுவதில் எங்கள் ஊரில் யாரும் குறை வைப்பதில்லை. அவர் பெருமூச்சு விட்டு, "ஆக, கேமராவோட தப்பு" என்றார். கேமராவுக்குப் பதில் பேச வாயில்லை என்பதால் அந்தத் தப்பு என் பக்கம் வந்தது. மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். அதில் பஸ்ஸைப் பற்றி எழுதினேன், ஸ்கூட்டரைப் பற்றியும் எழுதினேன். டிசம்பரில் என்னைப் புதுப்பித்தார்கள், ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாசத்துக்கு.

அந்த வெள்ளிக்கிழமை பாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது சூப்பிரண்டுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் உதித்தது.

"எல்லாம் சரி. பையில என்ன கனமா இருந்துது?"

அக்கா தலையைக் குனிந்தாள். முதல் முறையாகக் குரல் இறங்கியது.

"தண்ணிங்க. ஃபில்டரு மிஷின்ல ரெண்டு பாட்டில் புடிச்சிகினு போவேன். எங்க வூட்டாண்ட வர்ற தண்ணி உப்பா இருக்குதுங்க, வாயில வைக்க முடியல."

இரண்டு பாட்டில் தண்ணீர். அதைத் தூக்கித்தான் தோள் சாய்ந்திருந்தது. நான் எழுந்து வெளியே போய்விடலாம் என்று நினைத்தேன். சூப்பிரண்டின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "பாத்தீங்களா சார்? குழாய் இல்லேன்னாலும் தண்ணி. மாணவர்களுக்கு வச்ச தண்ணி." தாளாளர் தலையைச் சொறிந்துகொண்டார். பள்ளிக் குடிநீரை வெளியே கொண்டு போகக் கூடாது என்று திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைக் கணினியில் அடித்துக் கொடுத்தவளும் நான்தான்.

பாஸ்வேர்டு உறையைப் பிரித்து என் கையில் கொடுத்தார்கள். நேரத்தைத் திருத்தினேன். கைரேகை மெஷினையும் உயிர்ப்பித்தேன். மறுவாரமே ஆபீஸ்காரர்களின் ஸ்கூட்டர்களைப் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள், முன்பக்கம் மாணவர்களுக்கு இடைஞ்சலாம். பின் கேட்டில் கேமரா இல்லை, வயர் எட்டாது. சூப்பிரண்டு இப்போது நாலேகாலுக்குப் பின் வழியாகப் போய், ஐந்தரைக்கு விரல் வைக்க மட்டும் திரும்பி வருகிறார். அவர் உழைப்பு கூடிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். குழாய்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. எடுப்பது யார் என்று யாருக்கும் தெரியாது, அங்கே பார்க்க ஒரு கேமராவும் இல்லை.

அக்கா மறுபடி வேலைக்கு வந்தாள். என்னோடு பேசினாள், 'டீச்சர்' என்றே கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டேன், "அத வுடுங்க டீச்சர்" என்றாள்.

ஆனால் தினமும் சாயந்திரம் நான் லேபில் அந்த மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். நாலு பத்து, நாலு பன்னிரண்டு வாக்கில் அவள் கேட்டுக்கு வருவாள். கேமராவுக்குக் கீழே நிற்பாள். கட்டைப்பையைத் தரையில் வைத்து வாயை அகலமாக விரித்துக் காட்டுவாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டுவாள். பிறகு இரண்டு பாட்டில்களையும் எடுத்து, மூடியைக் கழற்றி, தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தபடி, ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பாள். ஒரு சொட்டும் விழாது. யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாலு பேர் வேடிக்கை பார்த்தாலும் அவசரப்படமாட்டாள். எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு போவாள். தோள் இப்போது சாய்வதில்லை.

அவள் பார்ப்பது கேமராவைத்தான். அதன் மறுபக்கம் உட்கார்ந்திருப்பது நான் என்று அவளுக்குத் தெரியும். அவள் ரோட்டில் ஒதுங்கி நிற்க, நாலேகால் பஸ் அவளைக் கடந்து போகும். மூலையில் மணி நாலு பதினைந்து என்று சரியாகக் காட்டும்.